ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே ஓர் ஊர் இருக்கிறது

ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த அறிவுரை தவறாமல் வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இனிமேல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டுமாம். புத்தகப் பையைத் தானே அடுக்க வேண்டும். வீட்டுப்பாடத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா எழுப்பாமல் தானே எழுந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் தானே போய்க் கேட்க வேண்டும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் சொல்கிறார்கள், வார இதழ்கள் எழுதுகின்றன, பெற்றோர் கூட்டங்களிலும் சொல்லப்படுகிறது.

நல்ல அறிவுரைதான். ஆனால் யார் வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்து இதைச் சொல்கிறார்கள்?

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் நம் தெருக்களுக்கு விடியற்காலையில் வந்து பார்க்கட்டும். பூப்பறிக்கப் போகும் அம்மா இருட்டோடு கிளம்பிவிடுகிறாள். இன்னொரு அம்மாவைத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. விசைத்தறியில் இரவு வேலை முடித்து வந்த அப்பா அசந்து தூங்குகிறார். எட்டு வயதுப் பிள்ளை குடத்தோடு குழாயடியில் நிற்கிறது. தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டு, தங்கச்சிக்குத் தலை வாரிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறது. சாயங்காலம் ரேஷன் கடை வரிசையிலும் அதே பிள்ளைதான் நிற்கிறது. இந்தப் பிள்ளைக்கா தன் வேலையைத் தானே பார்க்கக் கற்றுத்தரப் போகிறார்கள்? அவர்கள் வேண்டுமானால் இந்தப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டு போகலாம்.

சொந்தக்காலில் நிற்கும் திறமைக்கு நம் பிள்ளைகளிடம் பஞ்சமில்லை. அந்தக் காலை ஊன்றத் தரைதான் தரப்படவில்லை. நாம் பேச வேண்டியது தரையைப் பற்றி.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும்போது நம் பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. காகிதத்தில் இது வெறும் தூரக் கணக்கு. நம் பிள்ளைக்கு அந்தக் கூடுதல் 2 கிலோமீட்டரில்தான் ஊர் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஏதாவது ஒன்று என்றால் பாட்டி ஓடி வந்துவிடுவாள். ஆறாம் வகுப்புக்கு ஊர்த் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். பேருந்து நிறுத்தம் ஊருக்குள் இருக்கும். அங்கே உட்காரும் திண்டு யாருக்கு, யார் நிற்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கும். ஏறுகிற பேருந்தில் எந்த இருக்கை யாருடையது என்பதும் அப்படித்தான்.

காலைச் சாப்பாட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஐந்தாம் வகுப்பு முடிந்த அன்றோடு அந்த உப்புமாவும் பொங்கலும் முடிந்தன. தூரம் கூடுகிறது, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் முந்துகிறது, அந்த நேரம் பார்த்துக் காலை உணவு நிற்கிறது. அம்மா இருட்டோடு வேலைக்குப் போன வீட்டிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளை வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுகிறது. முதல் பாடவேளையில் சோர்ந்து தலை கவிழ்ந்தால், "பொறுப்பே இல்லை" என்று பெயர் கிடைக்கிறது.

வகுப்பறையும் மாறுகிறது. ஓர் ஆசிரியர் போய்ப் பாடத்துக்கு ஒருவர் வருகிறார். யாருக்கும் பிள்ளையின் பெயர் தெரியாது. ஆனால் எந்தத் தெரு என்பது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஊர்ப் பெயரைக் கேட்டு, ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டு, மூன்றாவது கேள்விக்கு முன்பே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உதவித்தொகைப் பட்டியல் வரும்போது வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடுகிறது. பெண் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. இந்த வயதில்தான் அவள் பெரியவளாகிறாள். தண்ணீர் வராத கழிப்பறையும், வழியில் கேலி பேசும் கூட்டமும் சேர்ந்தால் வீட்டில் ஒரே முடிவுதான் எடுக்கிறார்கள்: "படிச்சது போதும்."

இதை வளர்பருவத் தடுமாற்றம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை சேரியிலிருந்து ஊருக்குள் தன்னந்தனியாக நுழைகிற முதல் வயது இது. சாதி அந்தப் பிள்ளையை நேருக்கு நேர் சந்திக்கிற வயதும் இதுதான்.

பாஞ்சாகுளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம். 2022 செப்டம்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில பேர் கையில் காசோடு பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். தின்பண்டம் கிடையாது என்கிறார் கடைக்காரர். ஊரில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் தரக்கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அதைக் காணொளியாக எடுத்துப் பரப்பியதும் அவர்கள் தரப்புதான். பெரியவர்களுக்கு இடையிலான பழைய வழக்கு ஒன்றில் நம் மக்களைப் பணிய வைப்பதற்காகப் போடப்பட்ட கட்டுப்பாடு அது என்று செய்திகள் வந்தன. பெரியவர்களைப் பணிய வைக்கப் பிள்ளைகளின் மிட்டாயைப் பறித்தார்கள். நாடே பார்த்த பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக்கூடாது என்று நெல்லை சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நெடுங்காலம் தூங்கிக் கிடந்த ஊர் விலக்கப் பிரிவைத் தட்டி எழுப்பியது பாஞ்சாகுளம்.

அந்தப் பிள்ளைகளிடம் என்ன குறை இருந்தது, சொல்லுங்கள். தாங்களே கடைக்குப் போனார்கள். கையில் காசு இருந்தது. எதை வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்கவும் தெரிந்திருந்தது. அவர் கட்டுப்பாடு என்றதும் ஒரு பிள்ளை, என்ன கட்டுப்பாடு என்று திருப்பியும் கேட்டது. தற்சார்புப் பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் அவர்கள் தேறியவர்கள். அப்படியும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924ஆம் ஆண்டு. கடைக்குள் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. தீர்மானம் வந்து 98 ஆண்டுகள் கழித்து, தனித் தொகுதியான சங்கரன்கோவிலில், நம் பிள்ளைக்கு மிட்டாய் கிடையாது.

அண்ணலின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு பயணம் உண்டு. "வெயிட்டிங் ஃபார் எ விசா" என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அவரே அதை எழுதியிருக்கிறார். ஆண்டு 1901. அவருக்குப் பத்து வயதை ஒட்டி இருக்கும். குடும்பம் சதாராவில் இருந்தது. வெளியூரில் காசாளராக இருந்த அப்பா, விடுமுறைக்குத் தன்னிடம் வரச்சொல்லிக் கடிதம் எழுதுகிறார். அண்ணன், அக்கா பிள்ளைகள் என்று சிறுவர்களாகவே கிளம்புகிறார்கள். புதுச் சட்டை உண்டு, கையில் பணம் உண்டு, கட்டிக்கொடுத்த சாப்பாடு உண்டு. ரயிலேறி மசூர் நிலையத்தில் சரியாக இறங்கியும் விடுகிறார்கள். கடிதம் போய்ச் சேராததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. உடுப்பைப் பார்த்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் பிள்ளைகள் என்று கேட்டதும் விலகிப் போகிறார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொள்கிறார். நிபந்தனை என்னவென்றால், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். சாப்பாடு கையில் இருந்தது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. சுங்கச்சாவடியில் தங்களை முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் தாகத்தோடு கழிந்தது.

பத்து வயதில் ரயிலேறி, மாட்டுவண்டி பேசி, இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தானே ஓட்டிய பிள்ளைக்கு இனி என்ன சுயசார்பைக் கற்றுக்கொடுப்பீர்கள்? வழியெல்லாம் தண்ணீர் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள்தான் தர மறுத்தார்கள். அந்தச் சிறுவனுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. தண்ணீர் வைத்திருந்தவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நம் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று இருக்கிறது: "ஊருக்குள்ள போறப்ப தலையக் குனிஞ்சு போ. எவன் வம்புக்கும் போகாத. ஏதாவது சொன்னா காதுல வாங்காம வந்துரு." அரிவாளைப் பார்த்த தலைமுறையின் அறிவுரை இது. பாட்டி பயந்தவள் என்று கேலி செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. அவள் பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவளுடைய கவலை. ஆனால், தோழர்களே, அந்த அறிவுரை பிள்ளையைக் காப்பாற்றியதா என்று கேட்டாக வேண்டும்.

நாங்குநேரியில் என்ன நடந்தது? பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். உடன் படித்தவர்களின் தொல்லையைச் சொல்லாமல் பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியாதபோது பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. ஒதுங்கிப் போனவரை வீட்டுக்குள்ளேயே வந்து வெட்டினார்கள் என்பதுதான் நாங்குநேரி நமக்குச் சொன்ன பாடம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். வழிமறித்துக் கீழே இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தேர்வுக்குப் போகிற பிள்ளை யாருடைய வம்புக்குப் போனது?

பன்னிரண்டாம் வகுப்பில் அரிவாளாக வெளியே வருவது, ஆறாம் வகுப்பில் பட்டப்பெயராகத் தொடங்குகிறது. கடைசி பெஞ்சாகத் தொடங்குகிறது. "நீ போய்த் துடைப்பத்தை எடுத்துட்டு வா" என்று பார்த்துப் பார்த்து ஒரே தெருப் பிள்ளையை ஏவுவதில் தொடங்குகிறது. ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த தலைமையாசிரியர் 2022இல் கைதானார். ஒரு பிள்ளை டெங்குவில் படுத்து, அம்மா துருவிக் கேட்ட பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அதுவரை பிள்ளை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தலையைக் குனிந்து போகச் சொல்லி வளர்த்த பிள்ளை எப்படிச் சொல்லும்?

ஆகவே பாட்டியின் அறிவுரைக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்ல வேண்டும். "வம்புக்குப் போகாதே" என்பது இருக்கட்டும். "எது நடந்தாலும் அன்றைக்கே வந்து சொல். நீ சொன்னால் உன்னைத் திட்ட மாட்டோம், பள்ளியை விட்டு நிறுத்த மாட்டோம், நாங்கள் வருவோம்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியாக நிற்கக் கற்றுக்கொள்வது வேறு, தனியாக விடப்படுவது வேறு. நம் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாவதுதான் கிடைத்திருக்கிறது. பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் முன்னால் தைரியமாக நடக்கும்.

இப்போது அடுத்த பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். அவன் கையில் ஒரு கயிறு இருக்கிறது. அதன் நிறம் அவன் சாதியைச் சொல்கிறது. அந்த நிறத்தை அவனா தேர்ந்தெடுத்தான்? அவன் யாரோடு சாப்பிடலாம், யார் பக்கத்தில் உட்காரலாம், யாரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவனா முடிவு செய்கிறான்? அவனுடைய அண்ணன்மாரும், சாதிச் சங்கமும், குருபூஜைக்கு வண்டி பிடித்துக் கொடுப்பவரும் முடிவு செய்கிறார்கள். 2023இல் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியிலும், கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூரிலும் நம் சகோதரிகள் சமைத்த காலை உணவைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதி பார்த்துப் பசியை அடக்கவா தெரியும்? வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். பசித்த வயிறு கேட்டும் சாப்பிட முடியாத பிள்ளைக்குச் சுதந்திரம் இருக்கிறது என்று யார் சொல்வது?

சுயமாகச் சிந்திக்கக் கற்றுத்தர வேண்டும் என்றால் முதலில் அந்தப் பிள்ளைக்குக் கற்றுத்தாருங்கள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறி நண்பனோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கும் துணிச்சலைக் கொடுங்கள். கயிறு வேண்டாம் என்று சொந்த அண்ணனிடம் சொல்லும் வாயைக் கொடுங்கள். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் சாதிக் கயிறு பற்றிய தகராறில் ஒரு மாணவர் உயிரையே இழந்தார். கயிறு கட்டிவிட்ட பெரியவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை. பிள்ளைகள்தான் கல்லறைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் போகிறார்கள்.

நம் ஊர்க் கோயிலில் சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி திருமால். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூடி அந்த ஒற்றுமையைக் கும்பிடுகிறார்கள். "அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவன் வாயில மண்ணு" என்று பழமொழி வேறு. இரண்டு கடவுள்களை ஒரே உடம்பில் வைக்க முடிந்தவர்களுக்கு இரண்டு தெருப் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் வைக்க முடியவில்லை.

அரசு என்ன செய்தது? 2019இல் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும், தனக்கே தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய அமைச்சர் கைகழுவினார். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை தரப்பட்டது. 600 பக்கங்களுக்கு மேல். பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு நீங்க வேண்டும், கயிறும் மோதிரமும் கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, உதவித்தொகை விஷயத்தை மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தின் அன்றாடத்தைத் தொட்டுப் பேசுகிற அறிக்கை அது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சாதிப் பாகுபாடு பற்றியும் சட்டம் பற்றியும் வாரந்தோறும் வகுப்பு நடத்தச் சொல்கிறது. சங்கதி எங்கே தொடங்குகிறது என்று நீதிபதிக்குத் தெரிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில்.

அந்த அறிக்கையின் நகலை ஒரு பாஜக உறுப்பினர் சென்னை மாநகராட்சிக் கூட்டத்திலேயே கிழித்தெறிந்தார். கிழித்தவரைக் கண்டித்தால் மட்டும் போதாது. கிழிக்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பவர்களையும் கேட்க வேண்டும். அகர வரிசையில் உட்கார வைப்பதற்கு நிதி ஒதுக்கீடா வேண்டும்? உதவித்தொகைப் பெயர்களைச் சத்தமாக வாசிக்காமல் இருக்கச் சட்டத் திருத்தமா வேண்டும்? ஒரு தலைமையாசிரியர் நினைத்தால் நாளைக் காலையே செய்துவிடலாம்.

நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். ஆறாம் வகுப்பின் முதல் வாரத்திலேயே சாதிப் பாகுபாடு குற்றம் என்பதையும், யாரிடம் புகார் சொல்வது என்பதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பேருந்து விட வேண்டும், அது நம் தெருமுனையிலும் நிற்க வேண்டும். துப்புரவுப் பணிக்கு ஆள் போட வேண்டும், எந்தப் பிள்ளையின் கையிலும் கழிப்பறைத் துடைப்பம் இருக்கக்கூடாது. சந்துரு அறிக்கையில் எது நடைமுறைக்கு வந்தது, எது வரவில்லை என்று மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, இது உங்கள் வேலை. நம் தெருவிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளை மே மாதத்திலேயே கணக்கெடுங்கள். ஒரு தெருவில் ஐந்து பேர் இருக்கலாம், பத்துப் பேர் இருக்கலாம். அம்பேத்கர் மன்றத்திலோ மாலை வகுப்பிலோ அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் ஒரு முறை அந்த வழியைக் கூடவே நடந்து காட்டுங்கள். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்பதெல்லாம் பிள்ளைக்கு மனப்பாடமாக வேண்டும். முதல் மாதம் கூட்டமாகப் போகட்டும், மேல் வகுப்பு அக்காவோ அண்ணனோ கூட இருக்கட்டும். பிறகு தனியாகப் போகட்டும்.

மனு எழுதக் கற்றுக்கொடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தில் தொடங்கலாம். பெயர், வகுப்பு, தேதி, நடந்தது என்ன, நடந்த இடம் எது, யார் பார்த்தார்கள், என்ன வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதத் தெரிந்த பிள்ளையை ஏய்ப்பது கடினம். கொடுத்த மனுவுக்கு நகல் வைத்துக்கொள்ளவும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவும் சேர்த்தே பழக்குங்கள். மூன்று எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, வன்கொடுமை உதவி எண் 14566.

சட்டத்தையும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிக்குள் நுழைவதை, கடைக்குள் நுழைவதை, பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுச்சட்டை உடுத்துவதைச் சாதியின் பெயரால் தடுத்தால் குற்றம். ஊர் விலக்கம் செய்தாலும், செய்வோம் என்று மிரட்டினாலும் குற்றம். செருப்புப் போட்டு நடப்பதற்குக் கூட ஒரு சட்டப் பிரிவு தேவைப்பட்ட நாடு இது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுப்புங்கள். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் அம்மாக்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால், கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி போகுமே என்றால், மன்றம் அந்தக் கூலியை ஈடு செய்யட்டும். பிறந்தநாள் பேனரில் ஒன்றைக் குறைத்தால் அதற்குப் பணம் வந்துவிடும்.

நம் தெருக்களுக்குள்ளும் தெருக்கள் இருக்கின்றன. பறையர், பள்ளர், அருந்ததியர் பிள்ளைகள் ஒரே பேருந்தில் போகும்போது, அருந்ததியர் பிள்ளையை மற்ற இரண்டு பேரும் சேர்ந்து ஒதுக்கினால் அதற்குப் பெயரும் சாதிதான். துடைப்பம் முதலில் நீட்டப்படுவது அந்தப் பிள்ளையிடம்தான். கூட்டமாக அனுப்புங்கள் என்று சொன்னோம் அல்லவா, அந்தக் கூட்டத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதை இல்லை.

கடைசியாக, சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளையிடம் என்ன கேட்பது என்பதும் முக்கியம். "எத்தனை மார்க்?" என்பது பிறகு இருக்கட்டும். எங்கே உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய், உன்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இன்றைக்கு வகுப்பை யார் கூட்டினார்கள் என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விக்கும் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால் நல்லது. பிள்ளை தரையைப் பார்த்தால், மறுநாள் காலை நீங்களும் அதே பேருந்தில் ஏறுங்கள்.

பாஞ்சாகுளத்துப் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஊர் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன கட்டுப்பாடு? யார் போட்டது? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆறாம் வகுப்பு வாசலில் நிற்கும் நம் பிள்ளை ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியை நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும். கேட்கும்போது பின்னால் நாம் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.